மூன்றாம் புளோக் உடும்பு: ஆயர் ஈத்தாம் பிள்ளைகளோடு ஏழு மாதங்கள்

"டீச்சர், லோங்காங்ல முதலை!"

ஒன்பது வயதுப் பையன். நான்காம் மாடிவரை படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த சாயங்காலம். மூன்றாம் புளோக்கின் பின்னால் ஓடும் பெரிய லோங்காங்கின், அதாவது வடிகாலின், சிமெண்டு விளிம்பில், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஓர் உடும்பு வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றிலும் இருபது பேர் இருக்கும். ஒருவர் கையில் துடைப்பக்கட்டை, மற்றவர்கள் கையில் கைப்பேசி. பையனின் அப்பா, "கிட்டப் போகாதே, வாலால அடிச்சா கால் ஒடிஞ்சிரும்" என்று பிள்ளையைப் பின்னால் இழுத்தார். இரண்டாம் மாடியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார். "முதலையாம் முதலை! உடும்புடா அது. எஸ்டேட்ல இருக்கறப்போ இதைக் குழம்பு வெச்சுத் தின்னிருக்கோம்."

பாட்டி தின்ற பிராணி. அப்பா பயப்படும் பிராணி. பேரனுக்குப் பெயரே தெரியாத பிராணி. மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். பையனுக்கு முதலையை நன்றாகத் தெரியும்; நைல் நதியில் அது மாட்டை இழுத்துக்கொண்டு போவதைக் கைப்பேசியில் பத்துத் தடவை பார்த்திருக்கிறான். தன் வீட்டுக்குக் கீழே, அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே குடியிருக்கும் ஒன்றைத்தான் தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

யார், எங்கே

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விலங்கியல் படித்தவள் அல்ல. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரத்து அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் தரைத்தள மண்டபத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு சொல்லித் தருவது வழக்கம். ஏழு வயது முதல் பன்னிரண்டு வரை, பதினொரு பேர். அந்த வகுப்பில் பாதி நேரத்தை ஏழு மாதங்களுக்கு, நம் ஊர் விலங்குகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவதற்கென ஒதுக்கினேன். அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

புலியில் தொடங்கிய பிழை

முதல் இரண்டு வாரங்களை வீணாக்கியது நான்தான். நாட்டுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்பது புலி என்பதால் புலியிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைத்தேன். பெரிய வண்ணப்படங்கள் அச்சடித்துக்கொண்டு போனேன்: மலாயாப் புலி, யானை, தாபிர், சூரியக் கரடி. காட்டில் மிச்சமிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், கொடிமலையில புலி இருக்கா?"

"இல்லைம்மா. இப்போ இந்தத் தீவிலேயே இல்லை."

"ஓ."

அந்த 'ஓ'வோடு புலி வகுப்பை விட்டு வெளியே போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். "பாவம் டீச்சர்" என்றார்கள். அந்த ஒரு சொல்தான் மிச்சம். தாபிரை இரண்டு பேர் "பன்றி யானை" என்றார்கள்; அதுவாவது பரவாயில்லை. பார்க்கவே போகாத ஒன்றின் மேல் பரிதாபப்படச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் வாரம் படங்களைச் சுருட்டி அலமாரி மேல் போட்டேன். மளிகைக் கடையில் ஆளுக்கொரு 555 புத்தகம் வாங்கினேன். பெரியவர்களுக்குத் தெரியும், கடன் கணக்கு எழுதும் சின்னப் புத்தகம், சட்டைப் பையில் அடங்கும். அதில் ஐந்து விஷயம் எழுத வேண்டும்: நாள், மணி, இடம், எது, என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் 'எது' என்ற இடத்தைக் காலியாக விடலாம். 'என்ன செய்தது' மட்டும் கட்டாயம். 'சும்மா இருந்தது' என்று எழுதினாலும் சரி, எப்படிச் சும்மா இருந்தது என்று நான் கேட்பேன்.

இந்த ஏழு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த ஒரு வெள்ளி அறுபது காசுப் புத்தகம் என்று என் தம்பி கேலி செய்கிறான். அவன் சொல்வது பெரும்பாலும் சரி.

லோங்காங்கில் முதல் பாடம்

உடும்பிலிருந்தே மறுபடி தொடங்கினோம். லோங்காங்குக்கும் எங்களுக்கும் நடுவே நடைபாதைக் கம்பி இருந்தது. அதைத் தாண்டக் கூடாது என்பதே முதல் விதி. முதலைக்கும் உடும்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, விடையைச் சொல்லாமல் விட்டேன். அடுத்த சனிக்கிழமைக்குள் மூன்று விடை வந்தன. உடும்பு நாக்கை விடாமல் நீட்டி நீட்டி இழுக்கிறது, அந்த நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது என்றான் ஒருவன். கழுத்து நீளம் என்றாள் இன்னொருத்தி. நடக்கும்போது வயிறு தரையில் படவில்லை என்றான் ஏழு வயதுக்காரன். அதை நானே கவனித்ததில்லை. முதலையின் நாக்கு வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருப்பதால் வெளியே நீட்ட முடியாது என்பதையும், உடும்பு நாக்கால் காற்றிலிருக்கும் வாசனையை அள்ளி வாய்க்குள் கொண்டுபோய் முகர்கிறது என்பதையும் அதற்குப் பிறகே சொன்னேன்.

பியாவாக் என்று எல்லாரும் சொல்லும் இந்த நீர் உடும்பு, கொமோடோ உடும்புக்கு அடுத்தபடி உலகின் மிகப் பெரிய பல்லியினங்களில் ஒன்று. எலி, நண்டு, மீன், செத்தது, அழுகியது, எல்லாம் தின்னும். "அப்ப குப்பை லாரி மாதிரி" என்றாள் ஒருத்தி. எங்கள் லோங்காங்கில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் உடும்புக்கும் பஞ்சமில்லை. துடைப்பக்கட்டைக்காரரிடம் பிள்ளைகளே போய் இதைச் சொன்னார்கள். அவர், "எலி திங்குதா? அப்ப சரி, இருக்கட்டும்" என்றார். பாதுகாப்பு, பல்லுயிர் என்று நான் ஆரம்பித்திருந்தால் அவர் அந்த இடத்தில் நின்றிருக்கவே மாட்டார்.

பாட்டியையும் வகுப்புக்கு அழைத்தேன். செபராங் பிறையில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். உடும்பைப் பிடித்த கதையை ரசித்துச் சொன்னார். இன்றைக்கு உரிமம் இல்லாமல் பிடிக்க முடியாது, 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று நடுவில் சொன்னேன். "அப்போ சட்டம் எங்களுக்குச் சோறு போடல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; பிள்ளைகள் முன்னால் பதில் இருப்பதுபோல் நடிக்கவும் இல்லை. ஆனால் எந்த மாதத்தில் அது முட்டை வைக்கும், எந்தப் பொந்தில் ஒளியும், விரட்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்று அவர் சொன்னதைப் பிள்ளைகள் வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள். வேட்டையாடியவர்தான் அதை அவ்வளவு கவனித்திருக்கிறார்.

ஒரு பிராணி, பல பெயர்

நான் எதிர்பார்க்காத சிக்கல் பெயரில் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு விலங்கின் பெயர் மூன்று மொழியில் துண்டு துண்டாகத் தெரியும். குரங்கு தமிழில், மூசாங், பியாவாக் மலாயில், மற்றது எல்லாம் பள்ளி ஆங்கிலத்தில். தமிழ்ப் பாடநூல் கற்றுத் தந்தது மயிலும் சிங்கமும் ஒட்டகமும். அவற்றில் ஒன்றும் ஆயர் ஈத்தாம் வழியாக நடந்து போகாது.

அதனால் வாரம் ஒரு பெயர் தேடினோம். மூசாங் தமிழில் மரநாய். பாட்டிக்குத் தெரிந்திருந்தது: தென்னையில் கள்ளுக்குக் கட்டிய சட்டியை ராத்திரியில் வந்து குடித்துவிட்டுப் போகுமாம். பிள்ளைகள் நம்பவில்லை. மரநாய்க்குக் கள் பிடிக்கும் என்பது உண்மைதான், தென்னை இருக்கும் ஊரெல்லாம் அறிந்த சங்கதி என்று நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அன்று முதல் எங்கள் கூரையில் ராத்திரி தடதடவென்று ஓடுவது 'பேய்' என்ற கட்சி தோற்று, 'கள்ளுக்குடியன்' என்ற கட்சி வென்றது.

மெமெராங் தமிழில் நீர்நாய். கடற்கரையோரம் குடும்பம் குடும்பமாக நீந்தும் அதைக் கெர்னி டிரைவ் பக்கம் பார்த்ததாக ஒருவன் எழுதியிருந்தான்: 'தண்ணியில் 5 நாய். கத்தியது.' நீர்நாய் என்ற சொல் அவனுக்குத் தெரியாது. அந்தச் சொல்லை உருவாக்கிய பழைய தமிழனும் இதே மாதிரிதான் பார்த்திருப்பான் போலிருக்கிறது. சங்கப் பாடல்களில் நீர்நாய் வருகிறது என்றபோது பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

லோத்தோங்குக்குத்தான் விவாதம் நீண்டது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட, சாம்பல் நிற, நீண்ட வால் குரங்கு. மலாயில் லோத்தோங் செங்கோங் என்பார்கள். கண் குழிவிழுந்தது என்று பொருள். சங்கப் பாடல்களில் கருத்த முகத்தோடு முசு என்றொரு குரங்கு வரும். அது தென்னிந்தியக் காட்டு இனம், இது வேறு இனம், ஆனால் இரண்டும் இலை தின்னும் குரங்குகள், ஒரே குடும்பம். பழைய பெயரைப் புதிய ஊரில் வைக்கலாமா என்று வகுப்பில் கேட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண் சொன்னாள்: "எங்க பாட்டி பேரைத்தான் எனக்கு வெச்சிருக்காங்க டீச்சர். நான் பாட்டி இல்லையே." முசு என்றே முடிவாயிற்று.

மரத்துக்கு மரம் சறுக்கும் குபோங்குக்குத் தமிழ்ப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிளாஸ்டிக் பை

மூன்றாம் மாதம் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1884-இல் பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது. நம்மவர்களுக்குத் தண்ணீர்மலைப் பக்கம் என்றால்தான் புரியும். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் அந்த வழியே நடக்கும் பிள்ளைகள்தான் எல்லாரும். சாலையோரக் குரங்குகள் அவர்களுக்குப் பழக்கம். பழக்கம் என்பதுதான் பிரச்சினை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பஸ்ஸில் போகும்போதே முசுவுக்கும் நீண்டவால் குரங்குக்கும் வித்தியாசம் எல்லாம் ஒப்பித்தாயிற்று. நீண்டவால் குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு, கிடைத்ததைத் திணித்துக்கொண்டு ஓடும். முசுவுக்கு அது கிடையாது, ஆனால் மாட்டைப் போல அறைகள் கொண்ட வயிறு, இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும். முசுக்குட்டி பிறக்கும்போது தங்க நிறம், சில மாதங்களில் சாம்பலாகும். எல்லாம் சரியாகச் சொன்னார்கள். பெருமையாக இருந்தது.

வாசலைத் தாண்டி ஐம்பதடி போயிருக்க மாட்டோம். ஒரு பையன் கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை; உள்ளே அம்மா கட்டிக் கொடுத்த நான்கு கறிபாப். பெரிய கடுவன் குரங்கு ஒன்று நேராக நடந்து வந்து பையைப் பிடித்தது. பையன் விடவில்லை. யாருக்குத்தான் கறிபாப்பை விட மனம் வரும்? சிரித்தான் வேறு, பயத்தில் வரும் சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய. கடுவன் அவன் முன்கையில் கீறிவிட்டுப் பையோடு மரமேறியது. இரண்டு விநாடிதான்.

கீறலைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். தடுப்பூசி போட்டார்கள். ஆழமான காயம் இல்லை. அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

பிழை எங்கே என்று பிறகு யோசித்தேன். கன்னப் பை பற்றிச் சொன்ன நான் பிளாஸ்டிக் பை பற்றிச் சொல்லவில்லை. மனிதர்கள் ரொட்டியும் கடலையும் நீட்டி நீட்டிப் பழக்கியதால், அந்தக் குரங்குகளுக்குச் சரசரக்கும் பை என்றால் சாப்பாடு. பல்லைக் காட்டுவது அவற்றின் மொழியில் சிரிப்பு அல்ல. கண்ணுக்குக் கண் முறைப்பது சண்டைக்கு அழைப்பு. நான் விலங்கைப் பற்றிப் பாடம் எடுத்தேன். விலங்கு எங்களைப் பற்றி ஏற்கெனவே என்ன பாடம் படித்து வைத்திருக்கிறது என்பதை எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். ஒருவன் கடுவன், மற்றவர்கள் பிள்ளைகள். உணவு எல்லாம் முதுகுப் பைக்குள், ஜிப் மூடி. குரங்கு வந்தால் ஓடாதே, கத்தாதே, வாயை மூடிக்கொள், பார்வையைத் தாழ்த்து, மெல்லப் பின்னால் நகரு. பிடித்துவிட்டால் பையை விட்டுவிடு. கறிபாப் பையன்தான் கடுவனாக நடித்தான். அவ்வளவு தத்ரூபம், சின்னவள் ஒருத்தி அழுதே விட்டாள்.

பின்னொரு நாள், இதே நீண்டவால் குரங்கை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது என்றேன். பையன் தழும்பைத் தடவிக்கொண்டு, "என்னைக் கீறினதா? அது எப்படி அழியும்?" என்று கேட்டான். நம் கண் முன்னால் குப்பைத்தொட்டியில் நிறைய இருப்பதும், காட்டில் நிறைய இருப்பதும் வேறு வேறு என்று சொன்னேன். அவன் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

காகம் வந்த கப்பல்

"இந்த ஊருக்கே உரிய விலங்கு எது?" என்ற கேள்வியை ஒரு வாரம் எடுத்தேன். சாதாரணப் பட்டியல் வேலை என்று நினைத்துத் தொடங்கியது அது. வீட்டுக் காகத்தை எல்லாரும் உள்ளூர்ப் பட்டியலில் எழுதியிருந்தார்கள். நூறாண்டுக்கும் முன்னால், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது என்றேன்.

மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு முதலை என்று கத்திய அதே பையன் கேட்டான்: "அப்ப காக்காவும் நம்ம கொள்ளுத்தாத்தா மாதிரி கப்பல்ல வந்துச்சா? தோட்டத்து வேலைக்கு?"

முப்பத்திரண்டு வருட ஆசிரியப் பணியில் என்னை இப்படி நிறுத்திய கேள்விகள் குறைவு. 'வந்தேறி இனம், உள்ளூர் இனத்துக்குக் கேடு' என்று அறிவியல் எழுதும் வாக்கியத்தை இந்தப் பிள்ளைகள் முன்னால் அப்படியே சொல்ல முடியாது. இந்நாட்டில் அந்தச் சொல் வேறு வாய்களிலிருந்தும் அவர்கள் காதில் விழும். சொல்லாமல் விடவும் முடியாது. காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது என்பது உண்மை.

சுற்றி வளைத்துத்தான் பதில் சொன்னேன். ஒரு பறவையினம் ஒரு காட்டோடு ஆயிரமாயிரம் ஆண்டு சேர்ந்து வளர்ந்தால் எந்தப் பழம், எந்தப் பூச்சி, எந்த எதிரி என்று ஒரு கணக்கு அமைந்துவிடும். புதிதாக வந்தது அந்தக் கணக்கில் இல்லாததால் ஒன்று அது செத்துப் போகும் அல்லது அளவுக்கு மீறிப் பெருகும். மனிதர்கள் எல்லாரும் ஒரே இனம், நமக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்றேன். பன்னிரண்டு வயதுக்காரி யோசித்துவிட்டு, "காக்கா மேல தப்பு இல்ல. கூட்டிட்டு வந்தவங்க கணக்குப் பார்க்கல" என்றாள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வீட்டுப் பிள்ளை. பட்டியலில் காகத்தை அடிக்கவில்லை. பக்கத்தில் 'கப்பல்' என்று எழுதிக்கொண்டார்கள்.

கோயில் பாம்பு

பாம்பை நான் தவிர்க்கப் பார்த்தேன், பிள்ளைகள் விடவில்லை. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலைப் பார்க்காத பினாங்குப் பிள்ளை உண்டா? "சாம்பிராணிப் புகையில மயங்கிக் கிடக்கும், கடிக்காது" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பாம்புகள் விஷமுள்ள விரியன் வகை. பகலில் கிளையில் அசையாமல் கிடந்து, இரை அருகே வரும்வரை காத்திருப்பது அவற்றின் இயல்பு. புகை இல்லாத காட்டிலும் அப்படியேதான் கிடக்கும். ஆணும் பெண்ணும் பார்க்க வேறு இனம் போலிருக்கும்: ஆண் ஒல்லியாய்ப் பச்சையாய், பெண் பெரிதாய்க் கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்டு. அசையாத பாம்பு சாதுவான பாம்பு என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டு மலையேறினால் என்ன ஆகும் என்று பெற்றோரிடம் கேட்டேன். அவர்களே பயந்துபோனார்கள். பாம்பைக் கண்டால் நில், பின்வாங்கு, பெரியவரைக் கூப்பிடு. பெரியவர் 999-ஐ அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப் போவார்கள். இவ்வளவுதான் பாம்புப் பாடம்.

ஆனால் ஐந்தாம் மாதத்தில் ஒரு 555 புத்தகத்தில் இந்த வரி வந்தது: 'புதன். 6 மணி. எங்கள் வீட்டு ஜன்னல். கறுப்பில் பச்சைப் புள்ளி, முதுகில் சிவப்புப் பூ. அப்பா அடித்தார்.'

வர்ணனையைப் படித்ததுமே தெரிந்தது, மரத்துக்கு மரம் தாவிச் சறுக்கும் பறக்கும் பாம்பு. அதன் இலேசான விஷம் பல்லிக்குத்தான் ஆபத்து, மனிதருக்கு இல்லை. சிறுமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா செய்தது தப்பு என்று சொன்னால் வீட்டில் அவள் நிலைமை என்ன? சரி என்றால் இத்தனை மாதம் எதற்கு? "நல்லா பார்த்திருக்கே. நிறத்தை இவ்வளவு சரியா எழுதினதால எனக்கு அது எதுன்னு தெரிஞ்சிது" என்று மட்டும் சொன்னேன். படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கொண்டுபோனாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அவள் அடுத்த வாரமும் வகுப்புக்கு வந்தாள்.

போர்வைப் பாட்டி

குபோங்கைப் பார்த்தது கொடிமலையில். பினாங்கில் பொழுது இறங்க ஏழு, ஏழரை ஆகும். கைவிளக்கு முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டியிருந்தோம், கண் கூசாமல் இருக்க. பெற்றோர் நான்கு பேர் உடன் வந்தார்கள். மரத்தண்டில் பாசி படிந்த ஒரு முடிச்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அது மரம்தான் என்று வாதாடிய ஓர் அப்பா, அது தலையைத் திருப்பியதும் "அம்மாடி" என்றார்.

கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனிவரை ஒரே தோல் விரிப்பு. பறப்பது இல்லை, சறுக்குவது. 100 மீட்டருக்கும் மேல் போகும். குட்டியை வயிற்றோடு அணைத்து, வால் பக்கத்துத் தோலைத் தொட்டில் போல மடித்து மூடிக்கொள்ளும். இலைதான் உணவு. குரங்குக்கு உறவு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. இருட்டியதும் அது மெல்ல நாலடி மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பாய்ந்தது. சத்தமே இல்லை. வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் ஒரு சதுரத் துணி கடந்துபோன மாதிரி இருந்தது.

"பாட்டி போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க, இப்ப எழுந்து போயிட்டாங்க" என்றாள் ஏழு வயதுக்காரி. அன்று முதல் எங்கள் புத்தகங்களில் அதற்குப் பெயர் போர்வைப் பாட்டி. அகராதிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

இந்தக் கொடிமலையும் தாவரவியல் பூங்காவும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் சேர்ந்த 12,481 ஹெக்டர் பரப்பை 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. எங்கள் பிளாட்டின் பின்சுவரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அதன் பச்சை தெரியும். பெற்றோரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எனக்கே இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

முசுவுக்கு ஒரு பாலம்

தெலுக் பஹாங் பயணம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முசு அன்றைக்கு வரவில்லை. நாங்கள் போனது பாலத்தைப் பார்க்க. 2016 முதல் முசுக்களை ஆய்ந்துவரும் லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு குழு, அதைத் தொடங்கிய யாப் ஜோ லீன் தலைமையில், 2019-இல் சாலைக்கு மேலே குறுக்கே ஒரு தொங்கு பாலம் கட்டியது. பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் செய்தது. சாலை காட்டை இரண்டாக வெட்டிய இடத்தில் குரங்குகள் தரையிறங்கிக் கடந்து வண்டியில் அடிபட்டதால் வந்த யோசனை. முசுவோடு நீண்டவால் குரங்கும் அணிலும்கூட அதில் கடந்திருக்கின்றன.

"இது பாலம்னு குரங்குக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டான் ஒருவன். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஆனால் திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, எந்த எந்த இடத்தில் மரக்கிளைகள் சாலைக்கு மேலே தொட்டுக்கொள்கின்றன, எங்கே தொடவில்லை என்று பதினொரு பேரும் எண்ணிக்கொண்டே வந்தார்கள். நான் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் ஒரு விலங்கும் எழுதப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். 'கிளை தொடுது. தொடுது. தொடல. தொடல. தொடுது.'

கணக்கு

ஏழு மாதம் முடிந்து புத்தகங்களைப் புரட்டினேன். படம் காட்டிச் சொன்ன விலங்குகள் ஒன்றுகூடத் திரும்ப எழுதப்படவில்லை. அதிகம் வந்தவை உடும்பு, நீண்டவால் குரங்கு, வெண்மார்பு மீன்கொத்தி, கூரை மரநாய், மழைக்குப் பிறகு லோங்காங்கில் கத்தும் தவளை. எல்லாம் பள்ளிக்கும் கடைக்கும் போகிற வழியில் உள்ளவை. அதிலும் வீட்டில் யாராவது ஒருவரிடம் கதை இருந்த விலங்குக்குத்தான் நீளமான வரிகள். பாட்டி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மரநாயைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார்கள். மற்றவர்கள் 'சத்தம் கேட்டது' என்பதோடு நிறுத்தினார்கள். அடுத்த முறை செய்தால் முதல் நாளே பாட்டிகளை அழைத்துவிடுவேன், படங்களை அச்சடிக்கும் காசை மிச்சம் பிடிப்பேன்.

தோற்றதும் உண்டு. இரண்டு பேர் டியூஷன் நேரம் மோதியதால் நின்றுவிட்டார்கள். பெரியவர்கள் சிலர் இன்னும் குரங்குக்கு ரொட்டி வீசுகிறார்கள். பிள்ளைகள் தடுத்தால், "புண்ணியம்டா" என்கிறார்கள். அந்தச் சொல்லோடு எட்டு வயதுப் பிள்ளையால் வாதாட முடியாது. என்னாலும் முடியவில்லை.

கடைசி மாதம் லோங்காங்கைத் தூர்வார இயந்திரம் வந்தது. இரண்டு நாள் இரைச்சல். சேறு, பாட்டில், பழைய மெத்தை எல்லாம் அள்ளிப் போனார்கள். லோங்காங் பளிச்சென்று ஆயிற்று. எலியும் குறைந்தது, உடும்பையும் காணோம். சனிக்கிழமை வகுப்பும் பள்ளித் தேர்வுக்காக நின்றிருந்தது. போன வாரம் படியில் அந்தப் பையனைப் பார்த்தேன். சட்டைப் பையில் 555 புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தேன். தூர்வாரிய நாளிலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தான்.

'திங்கள். 6.40. லோங்காங். உடும்பு இல்லை. தண்ணீர் கணுக்கால் அளவு.'

'செவ்வாய். 6.40. லோங்காங். உடும்பு இல்லை. ஒரு மீன்கொத்தி உட்கார்ந்தது, பிடிக்கவில்லை.'

'புதன். 6.35. லோங்காங். இல்லை. சேற்றில் ஒரு கோடு. வால்?'